உப்புக் காற்றில் கிடந்த பழைய அளவீட்டுக் கருவிகளைத் திருத்துதல்

மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் எங்கள் மணல் நிலத்தில், பத்துப் பதினைந்து வருடங்கள் அலமாரியில் கிடந்த அலைவுகாட்டியோ (மின்னலையைத் திரையில் கதிராக வரைந்து காட்டும் கருவி) சமிக்ஞைப் பிறப்பாக்கியோ (சோதனைக்கான மின்னலையை உண்டாக்கும் கருவி) ஒருவர் கைக்கு வந்தால், அதை உடனே செருகிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் திருத்த வேலையின் முதற்படி. உள்நாட்டில் உலர்ந்த அறையில் கிடந்த கருவிக்கும் இங்கே கிடந்த கருவிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே ஒவ்வொரு மாரியிலும் ஈரம் உள்ளே நுழைகிறது. கடற்காற்றோடு வந்த உப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உலோகத்தை அரிக்கவும் காவலியின் (மின்னைக் கடத்தாப் பொருளின்) மேல் மின்னைக் கசியவிடவும் செய்கிறது. ஆகவே இக்கருவிகளில் நான் காணும் பழுதுகளிற் பெரும்பகுதி பாகங்களின் பழுது அன்று, தொடுகைகளின் பழுது. ஆளியின் (சுவிட்சின்) தகடு, திரான்சிற்றர் செருகும் இருக்கை, மாறுதடையியின் (திருப்பித் தடையை மாற்றும் பாகத்தின்) வழுக்கி, அட்டையின் விளிம்பு இணைப்பு ஆகிய நான்கையும் சுத்தமாக்காமல் ஒரு பாகத்தையேனும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதனை நான் கற்றது இழப்பினால். வானொலி திருத்தும் என் தாய்மாமன் முதன்முதலாக எனக்குத் தந்த இரட்டைக்கதிர் அலைவுகாட்டியைத் தூசு தட்டக்கூடப் பொறுமையின்றி மின்னில் இணைத்தேன். சில நிமிடங்களில் வெண்புகை எழுந்து அறையை நிறைத்தது. மின்வழங்கலின் வாயிலில் இருந்த இரைச்சல் ஒடுக்கும் கொள்ளளவி (மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகம், கப்பாசிற்றர்) வெடித்திருந்தது. அதனை மாற்றிய பின்னரும் கதிர் திரையில் நிற்காமல் மேலே ஓடியது. நான்கு திரான்சிற்றர்களை வாங்கி மாற்றியும் குணமில்லை. மாமா வந்து பார்த்துவிட்டு, “பாட்ஸ மாத்தாத மகன், முதல்ல அதுட காலத் துடை” என்றார். இருக்கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கால்களைத் துடைத்துத் திரும்பச் செருகியபோது, பழைய திரான்சிற்றர்கள் நான்குமே நன்றாக வேலை செய்தன.

மின் கொடுப்பதற்கு முன்

மூடியைக் கழற்றியதும் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். எங்கள் பகுதியில் காற்றோட்டத் துளைகளுக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது சாதாரணம். அம்மண் உலர்ந்திருக்கும்போது தீங்கற்றதுபோலத் தோன்றினாலும், மாரியில் ஈரத்தை உறிஞ்சி உயர் மின்னழுத்தப் புள்ளிகளுக்கிடையே பாலம் அமைத்துவிடும். பல்லி முட்டை, எறும்புப் புற்று, கரப்பான் எச்சம் ஆகியவற்றையும் தேடுங்கள். மின் முனைகளுக்குக் குறுக்கே கருகிக் கிடக்கும் பல்லியின் எலும்புக்கூட்டை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எடுத்திருக்கிறேன். எடுத்தால் மட்டும் போதாது, அதன் கீழே காவலி கரியாகியிருந்தால் அக்கரியைச் சுரண்டி நீக்க வேண்டும். கரி மின்னைக் கடத்தும்.

அடுத்து, பின்புறத்தில் உள்ள மின்னழுத்தத் தெரிவியைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கருவி பெரும்பாலும் 115 வோல்ற்றுக்கு அமைக்கப்பட்டிருக்கும். எங்கள் வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆகும். தெரிவியை மாற்றும்போது உருகியையும் மாற்ற வேண்டும்: 115 வோல்ற்றில் 1.5 அம்பியர் உருகி இருந்த இடத்தில் 230 வோல்ற்றுக்கு 0.75 அம்பியர் போதும், பெரிய உருகியை அப்படியே விட்டால் அது காவல் செய்யாது. பெயர்ப்பலகையில் 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் குறித்திருந்தால், அதன் நிலைமாற்றி (மின்னழுத்தத்தை மாற்றும் சுருள், ட்ரான்ஸ்போமர்) 50 ஹேர்ட்ஸில் காந்த நிரம்பலடைந்து சூடாகும். அத்தகைய கருவியைச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டுவதே அறிவுடைமை.

காய்ந்து வெடித்த உறையுடன் கூடிய இரைச்சல் ஒடுக்கும் கொள்ளளவிகளைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம். கழற்றி எறிந்துவிட்டு, மின்வழங்கலுக்குக் குறுக்கே இடுவதற்கென்றே தரச்சான்று பெற்ற புதியவற்றை இடுங்கள். தெளிந்த மஞ்சள் பிளாஸ்ரிக் உறைக்குள் தாள் சுருளைக் கொண்ட பழைய ஐரோப்பிய வகைகள் உறையில் மயிரிழை வெடிப்பு விட்டு, அதன் வழியே ஈரத்தை உறிஞ்சி, மின் கொடுத்த சில நிமிடங்களிற் புகைகின்றன. எண்ணெய் கசிந்த பெரிய உலோகக் கொள்ளளவிகளை வெறுங்கையால் தொட வேண்டாம். அமெரிக்காவில் 1979இல் தடைசெய்யப்படும்வரை அவ்வெண்ணெய் பல கருவிகளில் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் சேர்மமாகவே இருந்தது.

கழுவுதலும் உலர்த்துதலும்

கழுவுதல் என்று சொன்னால் பலர் திடுக்கிடுவர். ஆனால் உப்பு நீரில் கரையும் பொருள். அற்ககோலில் அது நன்றாகக் கரைவதில்லை. வெள்ளத்தில் நனைந்த கருவியையோ, கடலோர வீட்டில் பல வருடம் கிடந்த கருவியையோ அற்ககோலால் மட்டும் துடைத்தால் அழுக்குப் போகும், உப்பு அங்கேயே இருக்கும். எனவே மின்சுற்று அட்டைகளையும் ஆளிகளையும் பற்றரிக் கடையில் கிடைக்கும் வடித்த நீரில் மென்மையான தூரிகையால் இரண்டு முறை கழுவி, அதன் பின்னரே ஐசோபுரோப்பைல் அற்ககோலை ஊற்றி நீரை வெளியேற்றுகிறேன். நிலைமாற்றிகள், உயர் அழுத்தப் பகுதி, முள் காட்டும் மானியின் உட்புறம், தாளால் ஆன சுருள் தாங்கிகள் ஆகியவற்றில் நீர் படக் கூடாது. அவற்றைப் பொலித்தீனால் மூடிக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கைகழுவப் பயன்படும் அற்ககோல் கூழில் கிளிசரின் கலந்திருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். பெற்றோலும் தின்னரும் பிளாஸ்ரிக்கைக் கரைத்துவிடும்.

உலர்த்துவதற்கு எங்கள் பகுதியின் கச்சான் காற்றைப் போன்ற துணை வேறொன்றும் இல்லை. வைகாசி தொடக்கம் ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும் அவ்வரண்ட காற்றில், வெயில் படாத திண்ணையில் நான்கைந்து நாட்கள் வைத்தால் நிலைமாற்றியின் சுருளுக்குள் இருந்த ஈரமும் வெளியேறும். மாரியில் வேலை செய்ய நேர்ந்தால், மரப்பெட்டி ஒன்றுக்குள் 40 வாற்று இழை மின்குமிழை எரியவிட்டு, மேலே சிறு துளைகள் இட்டு, உள்ளே 50 பாகைக்கு மேற்போகாமல் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று நாட்கள் வைக்கலாம். பின்னர், 500 வோல்ற்று மெகரை (காவலியின் தடையை அளக்கும் கருவியை) கொண்டு மின்வடத்தின் உயிர், நொதுமல் (லைவ், நியூட்ரல்) இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து உடற்சட்டத்துக்கு எதிராக அளவிடுங்கள். சில மெகாஓம்களுக்குக் குறைவாகக் காட்டினால் இன்னும் உலரவில்லை என்று கொண்டு மீண்டும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்பதற்காகக் கருவியின் புவித்தொடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. ட்ரிப் விழுவது கசிவு இருப்பதற்கான சான்று. புவித்தொடுப்பைக் கழற்றினால் அக்கசிவு உங்கள் உடல் வழியே போகும்.

ஆளிகளைப் பற்றி ஒரு சொல். வெள்ளி பூசிய தகடுகள் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுத்திருக்கும். உப்புத்தாள் எனும் தேய்ப்புத்தாளால் தேய்த்தால் பூச்சு போய்விடும். பிறகு அவ்வாளிக்கு மீட்சி இல்லை. அற்ககோலில் நனைத்த தடித்த தாள் துண்டைத் தொடுகைக்குள் நுழைத்து, ஆளியை மூடி, தாளை மெதுவாக இழுங்கள். கறுப்பு தாளில் வரும். தாள் வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். தெளிப்பானில் வரும் தொடுகைத் துப்புரவியை ஆளியின் தட்டு முழுவதும் பீய்ச்சுவது தவறு. பினோலிக் தட்டு அதை உறிஞ்சிக்கொண்டு, மெகாஓம் அளவிலான சுற்றுகளில் கசிவை ஏற்படுத்தும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பான் ஆளிக்கு எக்காரணம் கொண்டும் ஆகாது.

முதல் மின்னோட்டம்

உலர்ந்த கருவியை நேரடியாகச் செருகாமல், 230 வோல்ற்று இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்துச் செருகுங்கள். எல்ஈடி மின்குமிழ் இதற்கு உதவாது. 60 வாற்றுக் குமிழ், உள்ளே முழுக் குறுக்குச்சுற்று இருந்தாலும் மின்னோட்டத்தை ஏறத்தாழ 0.26 அம்பியருக்குள் நிறுத்திவிடும்; பெரிய அலைவுகாட்டிக்கு 100 வாற்று வேண்டும், அது 0.43 அம்பியர் வரை விடும். குமிழ் முதலில் பிரகாசித்துப் பின் மங்கினால் வடிகட்டிக் கொள்ளளவிகள் மின்னேறுகின்றன என்று பொருள். முழுப் பிரகாசத்திலேயே நின்றால் உடனே நிறுத்துங்கள். ஆளிமுறை மின்வழங்கல் கொண்ட பிந்திய காலக் கருவிகள் குமிழோடு தொடங்கித் தொடங்கி அணையும். அதைப் பழுது என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

மின்பகுபொருள் கொள்ளளவிகள் நெடுங்காலம் மின்னின்றிக் கிடந்தால் உள்ளிருக்கும் ஒட்சைட்டுப் படலம் மெலிந்துவிடும். 450 வோல்ற்றுக் கொள்ளளவியை ஒரு காலைக் கழற்றி, 47 கிலோஓம் தடையி வழியாக அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, கசிவு மின்னோட்டம் ஒரு மில்லியம்பியருக்கும் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். சில மணித்தியாலங்கள் ஆகலாம். இறங்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான். மாறு நிலைமாற்றியால் மெதுவாக ஏற்றினால் இதுவே நடக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். சீராக்கி (ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பாகம்) ஒரு வால்வாக (வெற்றிடக் குழாயாக) இருந்தால் அப்படி நடக்காது. வால்வின் இழை சூடேறும்வரை அது ஒன்றையும் கடத்தாது; சூடேறியதும் முழு அழுத்தமும் ஒரே அடியாக வந்துசேரும். பழைய செலனியச் சீராக்கித் தகடுகளைக் கண்டால் சிலிக்கன் இருவாயிகளை (டயோட்டுகளை) இட்டு, கூடிவரும் அழுத்தத்தைக் குறைக்கத் தொடர்த் தடையி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்; செலனியம் எரிந்தால் எழும் ஆவி நஞ்சு.

வழங்கல்களை அளத்தல்

திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பற்றிச் சிந்திக்கும் முன்னர் உள் வழங்கல்கள் யாவற்றையும் அளந்து தாளில் எழுதுங்கள். பெரும்பாலான அலைவுகாட்டிகளில் ஒரு வழங்கலே ஏனையவற்றுக்கு ஆதாரமாக அமைந்திருக்கும். அது பிழைத்தால் எல்லாமே பிழைக்கும், அதைச் சரிசெய்தால் எல்லாமே சரியாகும். கையேட்டின் சுற்றுப்படத்தில் எந்த வழங்கலிலிருந்து ஏனையவை ஒப்புநிலை பெறுகின்றன என்று கண்டுபிடித்து அதிலேயே தொடங்க வேண்டும்.

வழங்கலின் மேல் ஏறியிருக்கும் அலையையும் அளவிடுங்கள். அமெரிக்கக் கையேடுகள் 120 ஹேர்ட்ஸ் என்று குறித்திருப்பது எங்களுக்கு 100 ஹேர்ட்ஸ் ஆகும். முழுஅலைச் சீராக்கலின் பின் 100 ஹேர்ட்ஸ் அலை கூடுதலாகத் தெரிந்தால் வடிகட்டிக் கொள்ளளவி வற்றிவிட்டது. அலை 50 ஹேர்ட்ஸில் தெரிந்தால் இருவாயிகளில் ஒன்று உள்ளே அறுந்துவிட்டது, அல்லது அதன் பற்றாசு (ஈய ஒட்டு) விட்டுவிட்டது. இந்த ஒரு பார்வை, தேவையில்லாமற் பல கொள்ளளவிகளைக் கழற்றுவதிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

ஒரு வழங்கல் அடியோடு விழுந்து கிடந்தால், 1970களின் கருவிகளில் தந்தாலம் என்ற உலோகத்தாலான, மணி போன்ற சிறு கொள்ளளவி ஒன்று குறுக்குச்சுற்றாகியிருப்பதே பெரும்பாலும் காரணம். அவ்வழங்கலில் இருபது முப்பது மணிகள் அட்டைகள் எங்கும் பரவியிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது அட்டையைப் பாழாக்கும். கருவியை நிறுத்தி, வெளியிலிருந்து ஒரு வோல்ற்றுக்கும் குறைந்த அழுத்தத்தில் அரை அம்பியர் வரை கட்டுப்படுத்திய மின்னோட்டத்தை அவ்வழங்கலுக்குள் செலுத்துங்கள். பின் மில்லிவோல்ற்று மானியை உடற்சட்டத்துக்கும் செப்புப் பாதைக்கும் இடையே வைத்து நகர்த்திக்கொண்டு போங்கள். மின்னோட்டம் குற்றவாளியை நோக்கியே ஓடுவதால், அதை நெருங்க நெருங்க அளவு குறையும். மிகக் குறைந்த இடத்தில் நிற்பதே பழுதான மணி. புதிதாக இடும்போது 15 வோல்ற்று வழங்கலுக்கு 35 வோல்ற்றுத் தரமுள்ளதை இடுங்கள், துருவத்தை இரு தடவை பாருங்கள். தந்தாலம் திசை மாறினால் தீப்பற்றும்.

இரட்டைகளை ஒப்பிடுதல்

வழங்கல்கள் சரியாக இருந்தும் கதிர் தெரியவில்லை, அல்லது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், முதலில் பிரகாசம், நிலைக் குமிழ்கள், தானியங்கித் தூண்டல் ஆகியவற்றைச் சரிபார்த்து, கதிர்தேடும் பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள். கதிர் எந்தப் பக்கத்தில் தோன்றுகிறதோ அந்தத் திசையிலேயே பழுதைத் தேட வேண்டும்.

இவ்விடத்தில்தான் பழைய அலைவுகாட்டி தன் திருத்துநருக்குப் பேருதவி செய்கிறது. அதன் விரியலாக்கிகள் (அலையைப் பெருக்கும் சுற்றுகள்) உள்ளீட்டின் அண்மையிலிருந்து, கதிரை வளைக்கும் விலக்கத் தகடுகள்வரை இரட்டையாக, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக அமைந்தவை. கதிர் நடுவில் நிற்க வேண்டுமாயின் இரு பக்கங்களும் சம அழுத்தத்தில் இருத்தல் வேண்டும். ஆகவே கையேடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழுதான பக்கத்தில் எந்த அளவு வரவேண்டும் என்பதை நல்ல பக்கம் சொல்லிவிடும். விலக்கத் தகடுகளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு படியிலும் இடப்பக்கத் திரான்சிற்றரின் மூன்று கால்களையும் வலப்பக்கத் திரான்சிற்றரின் மூன்று கால்களையும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வெளியீட்டில் வேறுபாடும் உள்ளீட்டிற் சமநிலையும் இருக்கும் படி எதுவோ, அங்கேதான் பழுது.

உள்ளீட்டிலும் வேறுபாடு இருந்தால், அந்த இரு உள்ளீடுகளையும் ஒரு கம்பித்துண்டால் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். அங்கிருந்து விலக்கத் தகடுகள்வரை உள்ள படிகள் நலமாயின் கதிர் நடுவுக்கு வரும். அப்போது பழுது உள்ளீட்டுப் பக்கத்தில் இருக்கிறது என்று முடிவுசெய்து அத்திசையில் மேலும் ஒரு படி செல்லலாம். தாழ் அழுத்தத் திரான்சிற்றர்ப் படிகளில் மட்டும் இவ்வாறு செய்யுங்கள். இருதடக் கருவியில் இன்னொரு வசதியும் உண்டு: முதலாம் தடத்தில் இருப்பதெல்லாம் இரண்டாம் தடத்திலும் இருப்பதால், இருக்கையில் செருகிய பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றி, பழுது பாகத்தோடு இடம்பெயர்கிறதா, இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்கலாம். கழற்றிச் செருகியதுமே பழுது மறைந்துவிட்டால் மகிழ்ந்துவிட வேண்டாம். அது தொடுகைப் பழுது, அதே அட்டையின் ஏனைய இருக்கைகளும் அதே நிலையில்தான் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றித் துடையுங்கள்.

சூடேறிய பின் மட்டும் தோன்றும் பழுதுக்கு, அற்ககோலில் நனைத்த பஞ்சை ஐயத்துக்குரிய பாகத்தின் தலையில் வைத்துக் குளிரச் செய்து பார்ப்பது போதும். குளிரூட்டும் தெளிப்பானைத் தேடிக் கொழும்புக்கு எழுத வேண்டியதில்லை.

கையேட்டு அளவுகளைப் பற்றி எச்சரிக்கை ஒன்று சொல்ல வேண்டும். 1950களின், 60களின் கையேடுகளில் குறித்த அழுத்தங்கள் பெரும்பாலும் வோல்ற்றுக்கு 20,000 ஓம் கொண்ட முள் மானியால் எடுக்கப்பட்டவை. 100 கிலோஓம் வழியே வரும் 9 வோல்ற்றை அத்தகைய மானியின் 10 வோல்ற்று வீச்சில் அளந்தால், மானியின் தடை 200 கிலோஓம் ஆகையால், முள் 6 வோல்ற்றையே காட்டும். அதே புள்ளியில் 10 மெகாஓம் இலக்கமானி 8.9 காட்டும். கையேட்டில் 6 என்றும் உங்கள் மானியில் 8.9 என்றும் கண்டு, நல்ல சுற்றைக் கலைத்துவிடாதீர்கள்.

உயர் அழுத்தப் பகுதி

கதிர்க்குழாயின் கதோட்டு பெரும்பாலும் ஆயிரம் முதல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எதிர் வோல்ற்றிலும், அனோட்டு பல ஆயிரம் நேர் வோல்ற்றிலும் இருக்கும். கதோட்டு மட்டுமன்றி, குழாயின் சூடாக்கி இழையும் பிரகாசம், குவியம் ஆகியவற்றின் மாறுதடையிகளும் அந்த எதிர் அழுத்தத்திலேயே இருக்கின்றன. அவற்றின் தண்டுகள் பிளாஸ்ரிக்கால் நீட்டப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. முறிந்தால் உலோகத் தண்டைப் பொருத்தாதீர்கள். சாதாரணப் பல்மானியால் இங்கு அளக்கக் கூடாது, அதற்குரிய உயர் அழுத்த முனை வேண்டும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஆள் இல்லாத வேளையில் இவ்வேலையைச் செய்யாதீர்கள்.

மின்னை நிறுத்திய பின்னும் குழாய் ஒரு கொள்ளளவியாக மின்னேற்றத்தை வைத்திருக்கும். 1 மெகாஓம் தடையிகள் இருபதைத் தொடராகக் கோத்து ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் அடைத்து, ஒரு முனையை முதலில் உடற்சட்டத்தில் கவ்வவிட்டு, மறுமுனையால் தொட்டு இறக்குகிறேன். திருகாணிச்செலுத்தியால் நேரடியாகப் பொறி பறக்க இறக்கினால் அந்த அதிர்வு அருகிலுள்ள திரான்சிற்றர்களைக் கொல்லும்.

கதிர் மங்கலாகவும் குவியாமலும் இருந்தால் குழாய் முடிந்துவிட்டது என்று கைவிடுவதற்கு முன், உயர் அழுத்தப் பிரிப்பிலுள்ள மெகாஓம் தடையிகளைக் கழற்றி அளவிடுங்கள். பழைய காபன் கலவைத் தடையிகள் ஈரத்தாலும் முதுமையாலும் மதிப்பில் ஏறிச் செல்பவை. எங்கள் கரையோரத்தில் 100 கிலோஓமுக்கு மேற்பட்ட எந்தக் காபன் கலவைத் தடையியையும் நான் நம்புவதில்லை.

வால்வுக் கருவிகளில் தாள் கொள்ளளவிகளும் அவ்வாறே. கொள்ளளவுமானியில் அவை சரியாகவே காட்டும், வேலை அழுத்தத்தில் கசியும். நெய்யரிக்கு (வால்வின் கட்டுப்பாட்டு முனைக்கு) போகும் காலைக் கழற்றி, அக்காலுக்கும் உடற்சட்டத்துக்கும் இடையே 10 மெகாஓம் இலக்கமானியை இட்டுக் கருவியை ஓட்டுங்கள். மானி காட்டும் ஒவ்வொரு வோல்ற்றும் 0.1 மைக்குரோ அம்பியர் கசிவைக் குறிக்கும். 10 வோல்ற்று காட்டினால் கசிவு 1 மைக்குரோ அம்பியர். 1 மெகாஓம் நெய்யரித் தடையியில் அது 1 வோல்ற்றுப் பிழையை உண்டாக்கி அந்தப் படியையே கெடுக்கும்.

பிறப்பாக்கியும் முள் மானியும்

1939இல் ஹியூலெற், பக்கார்ட் இருவரும் தங்கள் முதற் கருவியாக விற்ற ஒலிமீடிறன் (ஒலி அதிர்வெண்) பிறப்பாக்கி, மீடிறனைத் தீர்மானிக்கும் வீன் பாலம் என்ற சுற்றையும் ஒரு சிறு இழைக்குமிழையும் கொண்டு வீச்சை நிலைப்படுத்தியது. அவ்வழியில் வந்த பிறப்பாக்கிகள் இன்றும் கிடைக்கின்றன. குமிழின் இழை அறுந்தால் அலையே நின்றுவிடும். ஆனால் இங்கே நான் கண்ட முறைப்பாடு வேறு: கோடையில் நன்றாக வேலை செய்யும் கருவி, மாரியில் மிகத் தாழ்ந்த மீடிறன் வீச்சில் மட்டும் நின்றுவிடுகிறது. காரணம் கணக்கிலேயே தெரியும். 20 ஹேர்ட்ஸுக்கு, 500 பிக்கோபரட் காற்றுக் கொள்ளளவியோடு ஏறத்தாழ 16 மெகாஓம் தடை வேண்டும். மாறுகொள்ளளவியின் பீங்கான் தாங்கியில் ஈரமும் உப்பும் படிந்து சில பத்து மெகாஓம் கசிவு ஏற்பட்டாலே பாலம் குலைந்துவிடும். பாகம் எதையும் மாற்றாமல், பீங்கானை வடித்த நீராலும் அற்ககோலாலும் துடைத்து உலர்த்தினால் தீர்ந்தது.

1951இல் வெளிவந்து 2008 வரை தயாரிக்கப்பட்ட ஏவோ 8 மானியில் பெரும்பாலான பழுது பற்றரி அறையிலேயே இருக்கும். காரவகை மின்கலம் கசிந்த வெண்பூச்சை வினாகிரியாலும், பழைய துத்தநாக–காபன் மின்கலம் கசிந்ததை அப்பச்சோடாக் கரைசலாலும் நீக்கி, நீரால் துடைத்து உலர்த்துங்கள். உயர் ஓம் வீச்சுக்கு வேண்டிய 15 வோல்ற்றுப் பற்றரி கிடைக்காவிட்டால், 3 வோல்ற்று நாணயக் கலங்கள் ஐந்தைத் தொடராக அடுக்கினால் அதே அழுத்தம் கிடைக்கும். முள் நடுவில் சிக்கினால் காந்த இடைவெளியில் இரும்புத்தூள் இருக்கலாம். ஒட்டுநாடாவின் ஓரத்தை மெல்ல நுழைத்து எடுங்கள். மானியை அரத்தூள் கிடக்கும் மேசையில் திறக்காதீர்கள்.

பற்றாசு வைக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: ரெக்ரொனிக்ஸ் நிறுவனத்தின் 500 தொடர் வால்வு அலைவுகாட்டிகளில், வெள்ளி பூசிய பள்ளங்களைக் கொண்ட பீங்கான் கீற்றுகளிலேயே பாகங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பற்றாசு அந்த வெள்ளியைக் கரைத்துப் பிடிப்பை விடுவிக்கும். ஏறத்தாழ 3 வீதம் வெள்ளி கலந்த பற்றாசே வேண்டும். அதற்கான சுருள் ஒன்று கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டிருப்பது வழக்கம். வாங்கப் போவதற்கு முன் உட்சுவரைப் பாருங்கள்.

செப்பஞ்செய்தலும் பேணலும்

உள்ளே உள்ள சிறு திருகுகளை வழங்கல்கள் சரியாகும்வரை தொடவே கூடாது. தொட வேண்டிய நிலை வந்தால் முதலில் பேனாவால் அதன் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணித்தியாலம் ஓடிச் சூடேறிய பின் மட்டும் செப்பஞ்செய்யுங்கள்: முதலில் வழங்கல்கள், அடுத்து உயர் அழுத்தம், பின் நிலைக்குத்து, கடைசியாக நேர அச்சு. நேர அச்சுக்கு மின்வழங்கலின் 50 ஹேர்ட்ஸை ஒப்புநிலையாகக் கொள்ளாதீர்கள், அது ஏறி இறங்குவது; 10 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு அலையாக்கி ஒன்று அதைவிடப் பன்மடங்கு நம்பகமானது.

திருத்தியதை அலமாரியில் வைத்துப் பூட்டினால் அடுத்த மாரியில் பழைய நிலைக்கே வரும். மின்னோட்டம் தரும் இளஞ்சூடே அதற்குச் சிறந்த காப்பு. ஐப்பசி தொடக்கம் தை வரை கிழமைக்கு ஒரு முறை ஒரு மணித்தியாலமேனும் ஓடவிடுங்கள், அதிலும் எல்லா ஆளிகளையும் பத்துப் பத்து முறை திருப்புங்கள். நாள் பார்ப்பதற்கு என் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குசினியில் உப்புச் சாடி கசியத் தொடங்கிவிட்டால், அன்று மாலையே மேசையிலுள்ள கருவிகள் யாவற்றையும் ஓடவிட்டுவிடுவேன். இடி முழங்கும் நாளென்றால் மட்டும் செருகியைக் கழற்றிவிட்டு, சிலிக்கா மணிப் பைகளை உள்ளே வைத்து, மறுநாளைக்கு ஒத்திப்போடுவேன்.

மூடியைப் பூட்டுமுன், அளந்த வழங்கல் அளவுகளையும், மாற்றிய பாகங்களையும், திகதியையும் ஒரு தாளில் எழுதி உட்சுவரில் ஒட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை இந்த ஈரத்தில் ஊறிவிடும்.